வேலிக்கு இந்தப் பக்கம்

கார்ப் பந்தய வீடியோ கேமில் ஒரு பந்தயம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். யார் முதலில் வந்தார், யார் எத்தனை விநாடி பின்னால், யாருக்கு எவ்வளவு காசு என்று. பெரும்பாலானவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பந்தயத்துக்குப் போய்விடுவார்கள். என் விரல் தானாக, ஓட்டி முடித்த பந்தயத்தை மறுபடி காட்டும் ரீப்ளே பொத்தானுக்குத்தான் போகும். ஒரு மணி நேரம் விளையாட உட்கார்ந்தால் இருபது நிமிடம் ஓட்டுவேன், மீதி நாற்பது நிமிடமும் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஓட்டி முடிச்சாச்சே, அப்புறம் அதையே என்ன பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று மனைவி பல முறை கேட்டிருக்கிறாள். ஒழுங்காக ஒரு பதில் நான் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஓட்டுவது கிரான் டூரிஸ்மோ 7. 2022 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு வந்த கார்ப் பந்தய ஆட்டம். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் ஸ்டீயரிங்கை மாட்டி, காருக்குள்ளிருந்து பார்க்கிற கோணத்தில்தான் எப்போதும் ஓட்டுவேன். அந்தக் கோணத்தில் எனக்குத் தெரிவது முன்கண்ணாடி, அதற்கு அப்பால் ரோடு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு கையுறைகள். என் காரை நான் பார்க்கவே முடியாது. ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்தில், தொடக்கத்திலேயே ஏறுமுகமாக இடது வலது என்று மாறி மாறி வருகிற எஸ் வளைவுகளில் கார் எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்தச் சக்கரம் ஓரக்கல்லில் ஏறியது, பின்னால் வந்தவன் எவ்வளவு நெருங்கினான் என்பதெல்லாம் ஓட்டும்போது உடம்புக்கு ஒரு குத்துமதிப்பாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிவது ரீப்ளேயில்தான்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், மணிக்கு 20 ரூபாய். அங்கேதான் முதல் கிரான் டூரிஸ்மோவைப் பார்த்தேன். ஜப்பானில் 1997 டிசம்பரில் வெளியான ஆட்டம் எங்கள் கடைக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் காசு கொடுத்த நேரத்தில் ரீப்ளேயை ஓடவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் காத்திருக்கும் பையன்கள், "டேய், ஓட்டு இல்ல எந்திரி" என்று கத்துவார்கள். கடைக்கார அண்ணன் மட்டும் அவர்களை அடக்கிவிட்டு அவரும் நின்று பார்ப்பார். ஒருநாள் தெருவில் போன ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "எந்த சேனல்ல ரேஸ் போடறான்?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்கு என்ன காரணம் என்று வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. இன்றைய கண்ணுக்கு அந்தக் கார்கள் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியதுபோல இருக்கின்றன. ஆனால் ரீப்ளேயில் கேமரா நின்ற இடங்கள் டிவிக்காரர்கள் கேமரா வைக்கிற இடங்கள். வளைவின் வெளிப்பக்கம், ஓரத்தில் ஒரு மேடை, தொலைவிலிருந்து இழுத்துப் பிடிக்கும் லென்ஸ். தூரத்தில் புள்ளியாகக் கிளம்பும் கார் நெருங்க நெருங்கப் பெரிதாகி, சரேலென்று கடந்ததும் கேமரா கழுத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைத் துரத்தும். அதுவரை நான் ஆடிய ஆட்டங்களில் கேமரா காரின் பின்னாலேயே கயிறு கட்டினதுபோலத் தொங்கிக்கொண்டு வரும். இதில் மட்டும் யாரோ ஒரு மனிதன் தடத்தோரமாக நின்று பார்க்கிறான் என்ற எண்ணம் வந்தது.

ரீப்ளே என்றால் வீடியோ என்று அப்போது நினைத்திருந்தேன். அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் மெமரி கார்டின் மொத்தக் கொள்ளளவே 128 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதில் அடங்குமா என்பது சந்தேகம். அதில் ஒரு முழுப் பந்தயத்தையும் சேமிக்க முடிந்தது என்றால், அங்கே சேமித்தது படத்தை இல்லை. எந்தக் கணத்தில் எவ்வளவு ஆக்ஸிலரேட்டர், எவ்வளவு பிரேக், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதுபோன்ற குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, ரீப்ளே கேட்கும்போது பந்தயத்தை முதலிலிருந்து மறுபடியும் நடத்திக் காட்டலாம். அதே கார், அதே தடம், அதே கணக்கு. அதே கட்டளைகளைக் கொடுத்தால் அதே இடத்தில்தான் போய் முட்டும். கர்நாடக சங்கீதத்தில் ஸ்வரம் எழுதி வைப்பதற்கும் கச்சேரியை ரெக்கார்டு செய்வதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பு இருந்தால் எங்கே உட்கார்ந்தும் கேட்கலாம். அதனால்தான் ரீப்ளேயில் கேமராவை எங்கே வேண்டுமானாலும் நகர்த்த முடிகிறது. பந்தயம் நம் கண் முன்னால் இன்னொரு முறை நடந்துகொண்டிருக்கிறது.

சரி, இப்போது என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பெரியப்பா பெரம்பூரில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. இதில்தான் சோறு. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை கடையைப் பூட்டிவிட்டு, பென்டாக்ஸ் கேமராவையும் 135 எம்எம் லென்ஸையும் தோளில் மாட்டிக்கொண்டு சோழவரம் போய்விடுவார். இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வருவதற்கு முன்பு சென்னைக்குப் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். மரம் இல்லை, நிழல் இல்லை, வைக்கோல் கட்டுகளும் கயிறும்தான் வேலி. ஃபியட் கார்களும் யெஸ்டி, ஆர்டி 350 பைக்குகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். யாரும் அவரைப் படம் எடுக்கச் சொல்லவில்லை, யாரும் காசு கொடுக்கவும் இல்லை. ஒரு ஆர்வோ கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள், 36 படம். அதற்கு மேல் வாங்கினால் பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நெகட்டிவ்களில் பெரும்பாலானவை பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. மிஞ்சியதில் ஒன்று ஸ்டூடியோவில் கல்லாவுக்கு மேலே கடைசி வரை தொங்கியது. ஒரு பைக், வளைவில் படுத்தபடி. ஓட்டுபவரின் ஹெல்மெட்டும் பெட்ரோல் டாங்கும் கத்தி மாதிரி தெளிவு. மற்றதெல்லாம், அதாவது தரை, கூட்டம், பின்னால் நின்ற லாரி எல்லாம், படுக்கைவாட்டில் இழுத்து விட்ட கோடுகள். சின்ன வயதில் அதைப் பார்த்து, "பெரியப்பா, பின்னாடி எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று நான் சொன்னேனாம். அவர் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தெருவில் போகும் சைக்கிளைக் காட்டி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி அதைப் பார்வையாலேயே தொடரச் சொன்னார். "வண்டியைப் புடிக்கப் பாக்காதே. வண்டியோட போ. போய்க்கிட்டே இருக்கும்போது பட்டனை அமுக்கு. அமுக்கினப்புறமும் நிக்காதே." இதற்குப் பேனிங் என்று பெயர்; அந்த வார்த்தையை அவர் சொன்னதாக நினைவில்லை.

கிரான் டூரிஸ்மோவில் போட்டோ எடுக்கும் வசதி முதன்முதலில் நான்காவது ஆட்டத்தில், 2004 கடைசியில் வந்தது. எடுத்த படத்தை யூஎஸ்பி குச்சியில் ஏற்றலாம், எப்சன் பிரின்டரை நேராகச் சொருகி அச்சும் எடுக்கலாம். நான் அதை ஆடியது இன்னும் பல வருடம் கழித்துத்தான். இப்போது ஏழாவதில், ரீப்ளேயை எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தி போட்டோ முறைக்குள் போகலாம். உள்ளே போனால் ஒரு நிஜக் கேமராவில் இருக்கிற அத்தனையும் இருக்கின்றன. லென்ஸின் நீளம், அபர்ச்சர் என்கிற ஒளித் துளை, ஷட்டர் திறந்து மூடும் வேகம், எக்ஸ்போஷர் என்கிற வெளிச்ச அளவு, எங்கே ஃபோகஸ், எத்தனை டிகிரி சாய்வு. பேனிங் எந்தப் பொருளைத் தொடர வேண்டும் என்பதைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் தொலைந்துபோகிற இடம் அதுதான். கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் போகிறது என்றால் ஒரு விநாடிக்கு 50 மீட்டர். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு விநாடி வைத்தால், அது திறந்து மூடுவதற்குள் கார் நகர்வது 5 சென்டிமீட்டர்தான். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்பதால் சக்கரம் 9 டிகிரிதான் சுழலும். படத்தில் ஸ்போக்குகளை எண்ணிவிடலாம். அவ்வளவு உயிரைக் கொடுத்து ஓட்டிய கார், ஷோரூம் வாசலில் நிறுத்தி வைத்ததுபோல நிற்கும். அதையே அறுபதில் ஒரு விநாடிக்குக் கொண்டுவாருங்கள். கார் 83 சென்டிமீட்டர் போயிருக்கும், சக்கரம் கிட்டத்தட்ட அரைச் சுற்று சுற்றியிருக்கும். ஸ்போக்குகள் கரைந்து வட்டமான ஒரு பளபளப்பாகும், பின்னால் இருக்கும் மரங்கள் பச்சைக் கோடுகளாகும். முப்பதில் ஒன்று வைத்தால் இன்னும் அழகு, ஆனால் நேரே வருகிற காருக்கு அது ஒத்துவராது. குறுக்கே போகிற காருக்குத்தான். மெதுவான வளைவில் 100, 110 வேகத்தில் போகிற சின்னக் காருக்கு அறுபதில் ஒன்றே போதும், அரை மீட்டர் இழுப்பு கிடைத்துவிடும். பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனால் பைக்குக்கு எவ்வளவு, ஃபியட்டுக்கு எவ்வளவு என்று அவர் கை வைத்த இடம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆட்டம் வாங்கி முதல் மூன்று மாதத்தில் ஐந்நூறு படமாவது எடுத்திருப்பேன். அதில் நல்லதாக ஒரு முப்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பாவுக்குக் காட்டினேன். இப்போது கண் புரை அறுவை முடிந்து நன்றாகத் தெரிகிறது அவருக்கு. டேப்லெட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தரையோடு தரையாகக் கிடந்து எடுத்த படம். மூன்று கார்கள் பாய்ந்து வர, அவற்றுக்கு நேர் எதிரே நடுரோட்டில் நின்று எடுத்த படம். எனக்கு ரொம்பப் பெருமையான படங்கள் அவை. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாருக்குடா. சுத்தமா இருக்கு. ஆனா இதை எடுத்தவன் எங்க நின்னான்?"

"எங்க வேணா நிக்கலாம் பெரியப்பா. கேமராவை எங்க வேணா நகர்த்தலாம்."

"அதான் தெரியுதே. இந்த இடத்துல நின்னிருந்தா அவன் செத்திருப்பான். அது படத்துல தெரியுது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, காபி கேட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த முப்பது படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட எனக்கும் காருக்கும் நடுவே எதுவும் இல்லை. வேலி இல்லை, புல் இல்லை, இன்னொருவன் தலை இல்லை. விளம்பரத்தில் வருகிற படங்கள்போல இருந்தன. கல்லாவுக்கு மேலே தொங்கிய பைக் படத்தின் கீழ் ஓரத்தில் வைக்கோல் கட்டின் ஒரு மூலை மங்கலாக நீட்டிக்கொண்டிருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அவர் அதற்குப் பின்னால் முட்டி போட்டிருந்தார், அதனால் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடத்திலிருந்துதான் எடுப்பேன். வேலிக்கு வெளியே. நின்றால் கண் உயரம், இல்லையென்றால் முட்டி போட்ட உயரம். பக்கத்தில் போக முடியாது, ஆகவே லென்ஸைத்தான் நீட்ட வேண்டும். 200, 300, சில இடங்களில் 400 எம்எம். தொடங்கிய முதல் வாரம் ஒரு நல்ல படம்கூட அமையவில்லை. கம்பி வேலி குறுக்கே வந்தது, மண் திட்டு மறைத்தது, விளம்பரப் பலகை பாதிக் காரைத் தின்றது. பிறகு ஒவ்வொரு தடத்தையும் ரீப்ளேயில் நிறுத்தி நிறுத்தி, எங்கே நிற்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். கேமரா காரைவிட்டு ரொம்ப தூரம் விலகாது என்பதால் கார் எந்த இடத்துக்கு வரும்போது நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நிற்கும் இடமும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

தேடத் தேடத்தான் தடங்களே எனக்குப் புரிந்தன. நூற்றுக்கணக்கான முறை ஓட்டிய தடங்கள். ஜெர்மனியில் ஐஃபெல் காட்டுக்குள் 20.8 கிலோமீட்டர் நீளும் நூர்பர்க்ரிங்கின் வடக்குத் தடத்தில் கருசெல் என்று ஒரு வளைவு உண்டு. உள்பக்கம் மட்டும் கான்கிரீட் பாளங்களால் குழிந்த தொட்டி மாதிரி இருக்கும். ஓட்டும்போது அதற்குள் காரை இறக்கினால் ஸ்டீயரிங் கடகடவென்று கையை உலுக்கும், அவ்வளவுதான் தெரியும். உள்பக்கம் புல் மேட்டில் முட்டி போட்டுப் பார்த்தால், கார் தொட்டிக்குள் இறங்கும்போது வெளிப்பக்கச் சக்கரங்கள் மேலே, உட்பக்கச் சக்கரங்கள் கீழே என்று ஒருக்களித்து, ஒவ்வொரு பாளத்தின் இணைப்பிலும் உடம்பு குலுங்கிக்கொண்டே வருகிறது. அங்கே ஆயிரத்தில் ஒன்று வைத்து எடுத்தேன். இந்த ஒரு இடத்துக்கு அதுதான் சரி. குலுக்கலில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிற அந்தக் கணம் உறைந்து நிற்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் வேறு மாதிரி. மவுண்ட் பனோரமா என்ற மலையில் 174 மீட்டர் ஏறி இறங்கும் தடம், 6.2 கிலோமீட்டர். மேலே சுவர்களுக்கு நடுவே ஓட்டும்போது உயிர் கையில் இருக்கும். இறக்கத்தில், மேலிருந்து கீழே பார்த்து நின்றால், கார்கள் வரிசையாகப் படிக்கட்டில் தண்ணீர் வழிகிற மாதிரி இறங்குவது தெரியும். அங்கே ஷட்டரை மறந்துவிட்டு லென்ஸை மட்டும் நீட்டினேன். நீளமான லென்ஸில் தூரம் நசுங்கும்; நூறு மீட்டர் இடைவெளியில் வருகிற ஆறு கார்கள் ஒன்றன் தலைமேல் ஒன்று ஏறி நிற்பதுபோல வந்தன.

ஸ்கேப்ஸ் என்று இன்னொரு வசதியும் உண்டு. உலகம் முழுக்க எடுத்த நிஜமான புகைப்படங்களுக்குள் நம் காரைக் கொண்டுபோய் நிறுத்தலாம். 2017இல் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் ஆயிரத்துச் சொச்சம் இடங்களோடு தொடங்கி, ஏழாவதில் 43 நாடுகளில் 2,500க்கும் மேல் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எங்கிருந்து எவ்வளவு வருகிறது, எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் என்ற தகவலும் சேர்ந்தே இருப்பதால், நாம் வைக்கும் கார் அந்தத் தெருவின் வெயிலையே வாங்கிக்கொள்ளும், தூணுக்குப் பின்னால் வைத்தால் தூண் மறைக்கும். வேலைப்பாடு என்று பார்த்தால் ஆட்டத்திலேயே இதுதான் உச்சம் என்பேன். வெளிச்சத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான்: மேகமூட்டமான நாளில் வெள்ளைக் கார் எவ்வளவு அழகு, உச்சி வெயிலில் கறுப்புக் கார் எவ்வளவு அவஸ்தை என்று. ஆனாலும் மனம் அங்கே தங்குவதில்லை. அந்தக் கார் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகப்போவதுமில்லை. ரீப்ளேயில் இருக்கும் கார் பிரேக் பிடித்த சூட்டோடு, பம்பரில் பட்ட அடியோடு வருகிறது.

ரீப்ளே ஒரு முறை என் தலையைக் குனிய வைத்தது. அதையும் சொல்கிறேன். சுசுகாவில் ஆன்லைன் பந்தயம். கடைசிச் சுற்று, நான்காவது இடத்தில் போகிறேன். 130ஆர் என்ற வேகமான வளைவு முடிந்து அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் கடைசி சிக்கேன் வளைவுக்கு பிரேக் பிடிக்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒருவன் வலப்பக்கம் இடித்தான். நான் மண்ணில் போய் விழுந்து பதினோராவதாக வந்தேன். கோபம் தலைக்கேறி, பந்தயம் முடிந்த கையோடு அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நல்ல வார்த்தைகள் இல்லை. வேற்று நாட்டுக்காரன்; அவன் பதில் எதுவும் போடவில்லை.

பிறகு வழக்கம்போல ரீப்ளே. எடுத்த எடுப்பில் என் காருக்குள்ளிருந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை, அவன்தான் இடித்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் இன்னொருவர் காருக்கு மாறலாம். அவன் காருக்குள் போய் உட்கார்ந்தேன். பிரேக் பிடிப்பதற்கு முன்பே அவன் முன்சக்கரம் என் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. நான்தான் இடப்பக்கமிருந்து மெல்ல மெல்ல அவன் பாதைக்குள் சரிந்துகொண்டே போகிறேன். அவன் ஒதுங்கிப் பார்க்கிறான், ஒதுங்க இடமே இல்லை, இரண்டு சக்கரமும் புல்லில். அப்புறம்தான் அந்த இடி. வெளியே வேலியோரக் கேமராவிலும் பார்த்தேன். அங்கே நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் தப்பு யார் பக்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மறுநாள் ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அதற்குப் பிறகு ரீப்ளே பார்க்காமல் யாருக்கும் நான் செய்தி அனுப்பியதில்லை.

ஓட்டக் கற்பதற்கும் ரீப்ளேதான் வாத்தியார் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். தனியாக ஓட்டி நேரத்தோடு மட்டும் போட்டி போடும் டைம் டிரையலில் உலகப் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களின் சுற்றை அப்படியே ஓடவிட்டுப் பார்க்கலாம். எந்த இடத்தில் பிரேக், எந்த கியர், எப்போது மறுபடி ஆக்ஸிலரேட்டர் என்பதெல்லாம் திரையின் கீழே தெரியும். நான் அதில் கண்டது ஒன்றுதான். அவர்கள் கை ரொம்ப அமைதி. நான் மூன்று முறை ஸ்டீயரிங்கைத் திருத்துகிற வளைவில் அவர்கள் ஒரே திருப்பு. கார் போக விரும்புகிற இடத்துக்கு அதை விடுகிறார்கள். பார்க்கும்போது பெரியப்பா வாசலில் நின்று சைக்கிளைத் தொடரச் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

2008இல் வந்த கிரிட் என்ற ஆட்டத்தில் ரீப்ளேக்குள்ளேயே இன்னொரு வித்தை இருந்தது. முட்டிக்கொண்டால் காலத்தைப் பின்னால் இழுத்து, முட்டுவதற்கு முந்தைய நொடியிலிருந்து மறுபடி ஓட்டலாம். பல ஆட்டங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. கிரான் டூரிஸ்மோவில் அது கிடையாது, அது இல்லாததே எனக்கு நிம்மதி. நடந்தது நடந்ததுதான், திரும்பிப் பார்க்கலாம், எங்கே நின்று வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்ற முடியாது. முட்டிய சுற்றிலிருந்து எனக்கு எத்தனையோ நல்ல படங்கள் கிடைத்திருக்கின்றன. மழையில் சுழன்று போன காரின் ஹெட்லைட் எதிர்த்திசையைப் பார்க்கிற ஒரு படம், அதைத் திட்டமிட்டு யாராலும் எடுக்க முடியாது.

வெளிச்சம் பற்றி ஒன்று. பிளேஸ்டேஷன் 5இல் ஆட்டம் வெளியானபோது ரே டிரேசிங் என்கிற நிஜப் பிரதிபலிப்புக் கணக்கு ஓட்டும்போது வேலை செய்யாது, ரீப்ளேயிலும் போட்டோவிலும்தான். ஓட்டும்போது விநாடிக்கு அறுபது முறை திரையை வரைந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் இந்தக் கணக்குக்கு நேரம் கிடையாது. ரீப்ளேயில் அவசரமில்லை. பக்கத்தில் வரும் சிவப்புக் கார் என் வெள்ளிக் கார் கதவில் செக்கச்செவேலென்று வழிந்துகொண்டே வருவதை அங்கேதான் பார்த்தேன். ஓட்டும்போது வராத அழகு, பார்க்க உட்கார்ந்தவனுக்குக் கிடைக்கிறது. எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது.

பெரியப்பாவோடு ஒப்பிட்டால் எனக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. அவர் படத்தில் இருக்கிற உடம்பு என் படத்தில் இல்லை. இடுப்பைத் திருப்பி, மூச்சைப் பிடித்து, பத்தில் ஒன்று தேறும் என்று அமுக்கியவர் அவர். எனக்குப் பேனிங் என்பது ஒரு அளவுகோலை இடம் வலமாகத் தள்ளுவது. பத்து எடுத்தால் பத்தும் தெளிவு. போன மாதம் அதைப் பற்றி அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "நீ எப்போ நிறுத்தறே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "படத்தை எப்போ நிறுத்தறே? வண்டி எங்க இருக்கும்போது?" முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து நல்ல இடத்தில் நிறுத்துவேன் என்றேன். "அப்படி நகர்த்தாம ஒரு தடவை எடுத்துப் பாரு. ஓடும்போதே நிறுத்து. போனா போகட்டும்."

நேற்று ராத்திரி அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சுசுகா, சாயங்கால வெயில், சின்ன மாஸ்டா ரோட்ஸ்டர் கார்கள், ஐந்து சுற்றுப் பந்தயத்தின் ரீப்ளே. எஸ் வளைவுகளில் இரண்டாவதின் வெளிப்பக்கம்தான் என் இடம் என்று மனதில் முடிவு செய்து வைத்தேன். லென்ஸ் 200, ஷட்டர் அறுபதில் ஒன்று. பின்னால் நகர்த்துவதில்லை, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை நிறுத்தலாம்.

முதல் சுற்றில் சீக்கிரம் அமுக்கிவிட்டேன். கார் இன்னும் மேட்டுக்குப் பின்னால், கூரை மட்டும் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் தாமதம். பின்பம்பரும் கொஞ்சம் புழுதியும். மூன்றாவதில் முன்னால் போகிற நீலக் கார் வந்து என் காரை அப்படியே மறைத்துவிட்டது. மனைவி வந்து பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன். அங்கே ரோடு காலியாக இருந்தது. ஓரக்கல்லில் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. டன்லப் வளைவைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் நுழைந்து, ஹேர்பின், ஸ்பூன், 130ஆர், சிக்கேன் என்று ஒவ்வொரு வளைவாக வருகிறது. நான்காவது சுற்று. நேர்ப்பாதையில் சத்தம் ஏறுகிறது. முதல் வளைவில் குறைகிறது.

"வருது, வருது" என்றாள்.